பிடியரிசியும் வாரத் தவணையும்

யூபிலி விழாக்களிலே சங்கற்பங்கள் மலிதல் இயல்பு. மேடையில் விளக்கேற்றியவுடன் ஊரையும் உலகையும் ஓராண்டிலே திருத்திவிடலாம் என்னும் உற்சாகம் பிறந்துவிடுகின்றது. பந்தல் பிரிக்கப்படும்போது அவ்வுற்சாகமும் பெரும்பாலும் அதனோடு பிரிக்கப்பட்டு வண்டியேறிவிடும். இதனை நாம் குறையாகக் கூறவில்லை, விழாவென்றால் அப்படித்தான். எனினும், கல்லூரியை நீங்கிக் குடும்பப் பாரம் சுமக்கும் பழைய மாணவராகிய நாம், எமது இல்லங்களில் நிலைத்து நின்ற மாற்றங்கள் எவ்வாறு தொடங்கின என்று எண்ணிப் பார்ப்பது நன்று. அவை யாதோர் அறிவித்தலுமின்றி, அடுப்படியிலோ கணக்குக் கொப்பியிலோ மிகச் சிறிய அளவிலே தொடங்கியவையாகவே இருக்கும்.

பிடியரிசியை எடுத்துக்கொள்வோம். உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையிலிடும் வழக்கம் தமிழர் வீடுகளிற் பழமையானது. கோயிற்றொண்டுக்கும் ஏழைகளின் பசிக்குமாகவே அது பெரிதும் பயன்பட்டது. காஞ்சி காமகோடி பீடத்துச் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் அதனையே ஒரு திட்டமாக்கி நாடெங்கும் பரவச் செய்தார். அறத்துக்கு உதவிய அவ்வழக்கம் தன் குடும்பத்துக்கும் உதவலாம். ஒரு பிடியை ஏறக்குறைய 50 கிராம் என்று கொள்வோம். நாளுக்கு இருவேளை உலை வைக்கும் வீட்டில் அது 100 கிராம் ஆகும். சித்திரை தொடங்கி ஐப்பசி வரையுள்ள ஏழு மாதத்தில் 21 கிலோ சேரும். நாளொன்றுக்கு ஒரு கிலோ அரிசி பொங்கும் குடும்பத்துக்கு அது மூன்று வாரச் சோறு. (பழைய அரிசியை முதலிற் சமைத்துப் புதியதைப் பானைக்கு மாற்றுதலும், உலர்ந்த வேப்பிலையை இடுதலும் வண்டுக்குப் பரிகாரம் என்பதை எங்கள் பெண்மக்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.)

ஏழு மாதம் என்று காரணத்தோடுதான் குறித்தோம். திருகோணமலைக் கடற்கரைக்கு அதுவே நற்காலம். சோளகம் வீசும் அம்மாதங்களில் எமது கடல் அமைந்திருக்கும்; அப்போது மேற்குக் கரையிற் கடல் கொந்தளிப்பதால் அங்குள்ள மீனவரும் இங்கு வந்து வாடியமைப்பர். கார்த்திகையில் வாடைக் காற்று ஓங்கினால் வள்ளங்கள் கரையேறும். கரைவலை இழுப்பவன், மீன் சுமப்பவன், ஐஸ் உடைப்பவன், தேநீர்க் கடைக்காரன் என எல்லோருடைய கையும் ஒருங்கே சுருங்கும். தை பிறக்கும் வரை நீளும் அந்த முடையான மாதங்களிலேதான் நகை அடைவுக்குப் போகின்றது. கடைப் பற்று ஏறுகின்றது.

ஆகவே, சிறிதாகத் தொடங்குக என்று மட்டும் சொல்லி நாம் அமைதியுற முடியாது. சிறுமை என்பது தானே நன்மையாகிவிடாது. போர் ஓய்ந்த 2009ஆம் ஆண்டுக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் பெருகிய நுண்கடனும் சிறுமையின் பெயராலேதான் வந்தது. சிறிய தொகை, சிறிய வாரத் தவணை, ஐந்தாறு பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை. கேட்பதற்கு எளிது, கட்டுவது எளிதன்று. தவணை கேட்டு வருபவர் வாடையை அறியார். கடலுக்குப் போகாத வாரத்திலும் அதே தொகை, அதே கிழமை. ஒரு தவணையைக் கட்ட இன்னோரிடத்திற் கடன்; அதனைக் கட்ட மூன்றாமிடத்திற் கடன். இறுதியில் 2018ஆம் ஆண்டிலே, வறட்சியாற் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்கள் பெற்றிருந்த, ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று. எமது மாவட்டமும் அவற்றுள் ஒன்று.

பிடியரிசியும் சிறிது; வாரத் தவணையும் சிறிது. ஒன்று குடும்பத்தை நிமிர்த்த, மற்றொன்று முறித்ததேன்? அளவை வகுத்தவர் யார் என்பதிலேதான் வேறுபாடு உள்ளது என்பது எமது துணிபு. பிடியின் அளவை அக்கைக்கு உரியவளே அறிவாள். அரிசி குறைந்த நாளிற் பிடி தளரும். இல்லாத நாளில் விட்டுவிடலாம். மறுநாள் பானை அவளைக் கேள்வி கேளாது. தவணை அவ்வாறன்று. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி இந்நாட்டில் எழுந்த கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கும் இதே பெருமை உண்டு: கடன் கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே ஊரின் மழையையும் காற்றையும் அறிந்த அங்கத்தவர்கள். அச்சங்கங்கள் பலவற்றை நாமே சோம்பலால் வாடவிட்டோம் என்பது வேறு கதை.

ஒரு நாள் தவறினால் எல்லாம் கெட்டது என்று கைவிடுபவர் எம்மிற் பலர். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி என்பவரும் அவர்தம் உடனாய்வாளரும் 96 பேரைக் கொண்டு நிகழ்த்தி, 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இதற்குத் தக்க விடையாகும். ஒவ்வொருவரும் ஒரு சிறு செயலைத் தெரிந்து நாள்தோறும் செய்தனர். பகலுணவோடு ஒரு பழம் உண்பது போன்றவை அவை. அச்செயல் நினைவின் உதவியின்றித் தானே நிகழும் பழக்கமாவதற்கு நடுத்தரமாக 66 நாள் சென்றது. சிலருக்கு 18 நாளே போதும் எனவும், சிலருக்கு 254 நாள் வேண்டும் எனவும் மதிப்பிட்டனர். ஒரு நாள் தவறியமை பழக்கத்தைக் குலைக்கவில்லை. விரதம் முறிந்தது என்று தலையிலடித்துக்கொள்ளும் எமது இயல்புக்கு இது நல்ல மருந்து.

குடியைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். துறைமுக ஊரில் வாழ்ந்துகொண்டு அதனைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. இனித் தொடேன் என்று கோயிலிற் கற்பூரம் அணைத்துச் சத்தியஞ் செய்தவர்களை நாம் நிரம்பக் கண்டிருக்கிறோம். அடுத்த சம்பள நாளில் அவர்களை எங்கே கண்டோம் என்பதையும் சொல்ல வேண்டுமோ? அத்தகையோரிடம் நாம் கேட்க விரும்புவது சத்தியமன்று. சம்பள நாளில் தவறணைக்குப் போகுமுன் வீட்டுக்குப் போவது, அவ்வளவே. குளித்து, பிள்ளைகளோடு இருந்து ஒரு கோப்பை தேநீர் அருந்தி, அரிசிக் காசையும் பாடசாலைக் காசையும் மனைவி கையிற் கொடுத்தபின் விரும்பினால் வெளியே போகலாம். ஒழுக்கவாதிகள் இதனைக் கேட்டு முகஞ் சுளிப்பர். சுளிக்கட்டும். அரிசிக் காசு வீட்டிலிருக்கும் வாரமும் இல்லாத வாரமும் அக்குழந்தைகளுக்கு ஒன்றல்ல.

சேமித்தோர் ஏமாந்தனரன்றோ என்று 2022ஆம் ஆண்டைச் சுட்டி ஒருவர் வினவக்கூடும். வினா நியாயமானதே. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாயிற்று; உண்டியலிற் கிடந்த காசின் பெறுமதி ஏறக்குறையப் பாதியாயிற்று. ஆனாற் பானையிற் கிடந்த அரிசி அரிசியாகவே கிடந்தது. வேலியோரத்து முருங்கை முருங்கையாகவே நின்றது. காசாக மட்டுமே சேமித்தல் போதாது என்பதையே அவ்வாண்டு காட்டிற்று.

எமது சங்கத்தினர் இவ்விழாவின் பயனாக ஏதேனும் செய்ய விழைவாராயின், மாணவர்க்கு ஆளுக்கொரு புலமைப்பரிசில் அறிவிப்பதோடு, கடலை நம்பி வாழும் வீடுகளுக்கு மூடியுள்ள மண்பானை ஒன்றும் ஒற்றைவரிக் கொப்பி ஒன்றும் கொடுக்கலாம். செலவு அற்பம். கொடுக்கும் காலத்தை மட்டும் கவனிக்க வேண்டும். மார்கழியிற் கொடுத்தாற் பானையிலிட அரிசி இராது. சித்திரையிற் கொடுத்தல் சிறப்பு. தவறினால் ஆவணி நடுவுக்குள்ளாவது கொடுத்துவிட வேண்டும். அன்று முதற்பிடியிடும் வீட்டுக்கு, வள்ளங்கள் கரையேறுமுன் அந்த 66 நாள் கிடைத்துவிடும்.