ஆக்டேன் வியாபாரம்

"சாதாவா, பவரா?" பெட்ரோல் பங்குகளில் இன்று முதலில் காதில் விழுவது இந்தக் கேள்விதான். வாடகைக் கார் ஓட்டும் தொழிலாளியும், வண்டி நன்றாக உழைக்கட்டுமே என்று எண்ணி, லிட்டருக்குச் சில ரூபாய் அதிகம் கொடுத்து உயர்ரகப் பெட்ரோல் போடுகிறார். அந்த அதிகப்படிக் காசுக்கு அவருக்குக் கிடைப்பது என்ன? பெரும்பாலான வண்டிகளில், ஒன்றுமில்லை. கேட்கிற ஊழியர் மீது கோபித்துப் பயனில்லை; கேட்கச் சொல்கிறார்கள், கேட்கிறார்.

ஆக்டேன் எண் பெட்ரோலின் பலத்தைக் காட்டும் எண் என்று பலர் நினைக்கிறார்கள். சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவை, பிளக்கிலிருந்து கிளம்பிய தீ வந்து சேருமுன் தானாக வெடித்துவிடக் கூடாது. வெடித்தால் எஞ்சின் தட்டும். நாளடைவில் பிஸ்டன் கெடும். அப்படி வெடிக்காமல் தாங்கும் சக்திக்கு இட்ட அளவே ஆக்டேன். அழுத்த விகிதம் அதிகமுள்ள சில எஞ்சின்களுக்கு 95 வேண்டும். எது வேண்டுமென்பது வண்டியோடு வந்த கையேட்டிலேயே இருக்கும். 95 கேட்கும் வண்டிக்குக் குறைந்ததை ஊற்றுவது தவறு. ஆனால் 91 போதும் என்று எழுதியுள்ள வண்டிக்கு 100 ஊற்றினால் வேகமோ மைலேஜோ சொல்லும்படி கூடிவிடாது. எஞ்சினைச் சுத்தப்படுத்தும் மருந்து சேர்த்திருப்பதாகச் சொல்வது வேறு சங்கதி. அதற்கும் ஆக்டேனுக்கும் சம்பந்தமில்லை.

இதில் ஒரு வேடிக்கை. 20 சதவிகிதம் எத்தனால் கலந்ததால் சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேனே 95 ஆக உயர்ந்துவிட்டது என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் பெருமையோடு அறிவித்தது. அப்படியானால் பக்கத்துக் குழாயில் 95 என்று பெயர் சூட்டி அதிக விலைக்கு விற்பது எதற்காக? சர்க்கார் சொல்வது மெய்யா, விளம்பரப் பலகை சொல்வது மெய்யா? எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட எரிசக்தி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவிகிதம் வரை குறையலாம் என்று 2021இல் நிதி ஆயோக் அறிக்கையே சொல்லிற்று. அந்த நஷ்டத்துக்கு ஈடாக விலையைக் குறைத்தார்களா? இல்லை.

ஆக்டேனின் பெயரால் ஜனங்களை வஞ்சிப்பது புதிதுமல்ல. 1921இல் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஆய்வாளர் தாமஸ் மிட்ஜ்லி, ஈயக் கூட்டுப்பொருள் ஒன்று எஞ்சின் தட்டுவதை நிறுத்துவதைக் கண்டார். சாராயச் சத்தும் அதே வேலையைச் செய்யும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் சாராயத்துக்குக் காப்புரிமை வாங்க முடியாது, ஈயத்துக்கு வாங்கலாம்! 1924 அக்டோபரில் நியூஜெர்சியில் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியின் ஆலையில் அந்த விஷம் ஏறி, சித்தம் கலங்கி ஐந்து தொழிலாளர்கள் மாண்டனர். விற்பனை சில காலமே நின்றது; பிறகு மீண்டும் தொடங்கியது. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் ஒழிந்தது 2000இல். உலகில் கடைசியாக அல்ஜீரியாவில், 2021இல்.

ஒவ்வொரு குழாயிலும், சாதாரணப் பெட்ரோல் உட்பட, ஆக்டேன் எண்ணையும் எத்தனால் அளவையும் தமிழில் பெரிதாக எழுதி வைக்க வேண்டும். மைலேஜ் குறைந்த அளவுக்கு விலையும் குறைய வேண்டும். வாகன ஓட்டுனர் சங்கங்கள் இவ்விரண்டையும் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் உடனே சேர்க்க வேண்டும்.