முதல் விருப்பமாகட்டும் தாவரவியல்

மருத்துவமும் பொறியியலும் கிட்டாதவர்கள் இறுதியாகத் தேர்ந்தெடுக்கும் பாடம் தாவரவியல் என்னும் எண்ணம் பலரிடம் வேரூன்றியுள்ளது. பூவையும் இலையையும் ஆராயும் படிப்பு வேலை தருமா என்னும் ஐயம் பெற்றோரை விட்டு அகலவில்லை. ஆலைகள் சூழ்ந்த வடசென்னையில் அவ்வையம் வலுப்பெறுவது இயல்பே. உண்மையில் அப்பகுதிக்கே தாவர அறிஞர்கள் மிகுதியும் தேவைப்படுகின்றனர்.

கழிமுகம் கற்பிக்கும் பாடம்

மணலியை அடுத்த ஊர் மாத்தூர். மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் உள்ளன. அதற்கு வடக்கே எண்ணூரில் கொசத்தலை ஆறு கடலோடு கலக்கிறது. அக்கழிமுகத்தில் அலையாத்தி மரங்கள் வளர்கின்றன. சேற்றில் உயிர்வளி குறைவு; ஆதலால் அவை மூச்சுவேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டிக் காற்றைப் பெறுகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய், கழிமுகத்தில் பரவி இம்மரங்களிலும் படிந்தது. மீனவர் பிழைப்பு முடங்கியது.

மிதக்கும் எண்ணெயை அகற்ற ஆட்களும் கருவிகளும் போதும். மூச்சுவேர் அடைபட்ட மரம் பிழைக்குமா, எந்த நாற்றை எவ்வளவு உப்புள்ள நீரில் நடலாம் என்பவற்றைக் கூறத் தாவர உடலியங்கியல் கற்றவரே வேண்டும். அலையாத்தி அழியுமாயின், அதன் வேர்களிடையே வளரும் இறாலும் மீன்குஞ்சும் குறையும். வலை வீசுவோரின் வாழ்வும் தளரும்.

வாயில்கள் பல

இப்பாடம் ‘தாவர உயிரியலும் தாவர உயிர்த்தொழில்நுட்பவியலும்’ என்னும் பெயரிலும் கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. இதனைக் கற்றோர் ஆசிரியப் பணியோடு நிற்க வேண்டுவதில்லை. இந்திய வனப்பணித் தேர்வை எழுதத் தாவரவியல் பட்டம் தகுதியாகும். 1890இல் தொடங்கப்பெற்ற இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் கோவையில் உள்ளது. துறைமுகத்தில் வந்திறங்கும் மரங்களிலும் விதைகளிலும் நோயோ பூச்சியோ உள்ளதா எனச் சோதிக்கும் பணிக்குத் தாவர நோயியல் அறிவு அடிப்படை. திசு வளர்ப்புக் கூடங்களும், மூலிகை மருந்து நிறுவனங்களும், சுற்றுச்சூழல் பாதிப்பை மதிப்பிடும் அமைப்புகளும் இத்துறையினரை நாடுகின்றன.

முன் நடந்த பெண்மணி

பெண்கள் உயர்கல்வி பெறுவது அரிதாயிருந்த காலத்தில், 1897இல் தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள் சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கலப்பினங்களை ஆராய்ந்தார். டார்லிங்டனுடன் இணைந்து பயிர்த்தாவரக் குரோமோசோம்களைத் தொகுத்து 1945இல் நூலாக வெளியிட்டார். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், முதுமையிலும் மதுரவாயலில் சென்னைப் பல்கலைக்கழகக் கள ஆய்வகத்தில் பணியாற்றினார்.

தேர்வு எவ்வாறு அமைதல் வேண்டும்?

இளநிலைப் பட்டம் ஒன்றே உடனடியாக உயர்பதவியைத் தந்துவிடாது. முதுநிலைக் கல்வி, ஆய்வகப் பயிற்சி, புள்ளியியல், கணினி அறிவு ஆகியவையும் வேண்டும். அந்த உழைப்புக்கு ஆயத்தமாவோருக்கே இத்துறை பயன் நல்கும். வேறிடம் கிடைக்காமையால் வந்து சேர்வோர் இடையிலேயே சோர்வுறுவர். ஆகவே, மதிப்பெண்ணையும் அண்டை வீட்டார் சொல்லையும் மட்டும் நோக்காமல், தம் ஆர்வத்தையும் தம் ஊரின் தேவையையும் எண்ணி மாணவர் பாடத்தைத் தேர்தல் வேண்டும். மாத்தூர் மாணவர் ஒருவர் எண்ணூர் அலையாத்தியை ஆராய முன்வருவாராயின், அது அவருக்குத் தொழிலாகவும் ஊருக்குக் காப்பாகவும் அமையும்.