மண்ணுள் உறங்கும் மரணம்



மண்வெட்டி எதன்மேல் படுமோ என அஞ்சியஞ்சி நிலத்தைக் கொத்தும் உழவனை நாம் கண்டதில்லை. லாவோஸ் நாட்டுச் சியங்குவாங் மாநிலத்திலோ, குண்டுவீச்சு நின்று ஐம்பது ஆண்டுகள் கடந்தும் அவ்வச்சம் நீங்கவில்லை.

1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் அந்நாட்டின்மீது 20 இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தன. கொத்துக் குண்டுகளினின்று சிதறிய சிறு குண்டுகள் மட்டும் ஏறத்தாழ 27 கோடி. அவற்றுள் சுமார் 30 விழுக்காடு வெடிக்காமலே கிடந்தன. பந்தென்று எண்ணிக் கையிலெடுத்த சிறுவரும், அடியில் குண்டிருப்பதறியாது அடுப்பு மூட்டிய தாய்மாரும் பலியாயினர்.

இன்று அவ்வூர்ப் பெண்களும் அடங்கிய குழுவினர், உலோகங்காட்டும் கருவியேந்தி, கயிறு கட்டிப் பிரித்த நிலத்தை அடியடியாகச் சோதிக்கின்றனர். கருவி ஒலிக்குமிடந்தோறும் கையால் தோண்டுகின்றனர். குண்டு தென்பட்டால் ஊராரை அப்புறப்படுத்தி, அதனை அங்கேயே வெடிக்கச் செய்கின்றனர். நொடியில் எறிந்ததை அகற்றத் தலைமுறைகள் தேவைப்படுகின்றன!

கொத்துக் குண்டுகளைத் தடைசெய்யும் 2008ஆம் ஆண்டு உடன்படிக்கையை முதன்முதலாக உறுதிசெய்தோருள் திருப்பீடமும் ஒன்று. நம் இந்தியா அதில் இன்னும் சேரவில்லை. பிள்ளையை அச்சமின்றி வயலுக்கு அனுப்பும் தாய்க்கே போர் முடிந்தது என்று நாம் உணர்ந்தால், இதனை வாளாவிருந்து பார்த்திருப்போமா?