பாசிட்டிவ்னா பதறணுமா?

வடக்குத்துல பஸ் ஏறி ஜிப்மர் கிளம்புற உங்க ஃப்ரெண்ட் கையில 'ஏஎன்ஏ பாசிட்டிவ்' ரிப்போர்ட்டா? உடனே 'லூபஸ்'னு முடிவு கட்டிடாதீங்க மக்களே!

சீரத்தை 40 மடங்கு நீர்த்துப் பார்த்தா, ஆரோக்கியமானவங்கள்லயே நூத்துக்கு முப்பது பேருக்குப் பாசிட்டிவ் வரும்னு 1997 ஆய்வு ஒண்ணு சொல்லுது. 160 மடங்குன்னா அஞ்சே பேர்தான். அதனால, முதல்ல அந்த எண்ணைப் பாருங்க.

அடுத்து பேட்டர்ன். செல்லோட உட்கரு முழுக்க ஒரே சீரா ஒளிர்ந்தா, டிஎஸ்-டிஎன்ஏ டெஸ்ட் எடுப்பாங்க. புள்ளி புள்ளியா இருந்தா ரோ, லா, எஸ்எம் எதிர்ப்பொருட்களைத் தேடுவாங்க. சென்ட்ரோமியர்னா, தோல் இறுகுற ஸ்க்ளீரோடெர்மா மேல சந்தேகம்.

எல்லாமே துப்புதான், தீர்ப்பு இல்லை. ஆனா மூட்டுவலி, வெயில் பட்டா முகச்சிவப்பு, கால்வீக்கம்னு இருந்தா அலட்சியம் வேணாம். லூபஸ் சத்தமே இல்லாம கிட்னியைப் பதம் பார்த்துடும். ரிப்போர்ட்டை மட்டுமில்ல, உடம்பையும் டாக்டர்கிட்ட காட்டுங்க!