இருந்தவர்களின் ஊர்

ஊரைப் பிரிந்து வாழ்பவர்கள் எழுதும் நினைவுக் கட்டுரைகளில் ஓர் ஒற்றுமையைக் கவனித்திருக்கிறேன். ஏரி இருக்கும், தேர் இருக்கும், ஆயாவின் கைமணம் இருக்கும். ஊரிலேயே தங்கிவிட்ட தம்பியோ தங்கையோ மட்டும் இருப்பதில்லை. நானும் அப்படித்தான் எழுதி வந்திருக்கிறேன். பாரீசின் புறநகர் ஒன்றில் அமர்ந்துகொண்டு பாகூர் ஏரியைப் பற்றி நான் எழுதிய பக்கங்களைப் படித்துவிட்டு, என் தம்பி தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குண்ணே. இதுல நான் எங்க இருக்கேன்?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

எங்களுடையது பாகூர் கொம்யூனைச் சேர்ந்த ஒரு சிற்றூர். நெல்லை நம்பிய குடும்பம். அம்மாவின் பிறந்தகம் வில்லியனூர். வைகாசியில் திருக்காமீசுவரர் கோயில் தேருக்கு மாமாவின் தோளில் ஏறிப் போவேன். ஆளுநர் வந்து வடம் தொட்டுத் தேரைத் தொடங்கிவைப்பது பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து தொடரும் வழக்கம். தேரைக்காட்டிலும் அந்தக் காருக்கும் காவலருக்குமே கண்கள் ஓடிய வயது அது.

புதுச்சேரிக் கிராமங்களில் பிரிவு என்பது புதிய செய்தியன்று. வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் முழுமை பெற்றது. அதன்பின், பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விரும்பியவர்கள் எழுதித் தெரிவிப்பதற்கு ஆறு மாதம் தவணை இருந்தது. வரலாற்று நூல்களில் இது ஒரு வரி. பல வீடுகளில் அந்த ஆறு மாதம் அண்ணன் தம்பியை இரண்டு நாட்டவராக்கிவிட்டுப் போனது.

எங்கள் வீடும் அவற்றில் ஒன்று. சின்னத் தாத்தா சொல்தாவாகச் சேர்ந்து சைகோன் வரை போய்வந்தவர். அவர் கையெழுத்துப் போட்டார். தாத்தா போடவில்லை. ஏன் என்று கேட்டால், "நாத்து உட்டிருந்தன்" என்பார். நாற்றங்காலில் பயிரை விட்டுவிட்டு எங்கே போவது என்பது அவருடைய கணக்கு. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு சிரித்தோம். சின்னத் தாத்தாவின் பதக்கங்களையும் அவர் சொன்ன கடல் கதைகளையும் வாய்பிளந்து கேட்டோம். தாத்தாவிடம் கதை கேட்க எவருக்கும் தோன்றவில்லை. இருந்தவரிடம் என்ன கதை இருந்துவிடப்போகிறது?

இங்கேதான் நாம் தவறு செய்கிறோம் என்று இப்போது தோன்றுகிறது. போனவனுக்குக் கதை உண்டு, இருந்தவனுக்கு வேலை மட்டுமே உண்டு என்று நம்முடைய எழுத்தும் நம்பிவிட்டது. வில்லியனூரில் 1915இல் பிறந்த வாணிதாசன், பாகூரை ஒட்டிய சேலியமேட்டில் வாழ்ந்தவர். பிரெஞ்சு மொழி அறிந்தவர். 1974இல் மறையும்வரை இந்த மண்ணின் வயலையும் வாய்க்காலையும் கண்ணெதிரே வைத்துக்கொண்டு பாடியவர். பிரிந்தால்தான் ஊர் அழகாகும் என்ற எண்ணத்தை மறுக்க அவர் ஒருவரே போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, அங்கிருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்விக் கூடத்துக்கு மூன்று ஊர்கள் வழங்கப்பட்டதைச் சொல்கிறது. நிலம் உழைத்துக் கல்விக்குச் சோறிட்டது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் எங்கள் வீட்டில் அதே ஏற்பாடுதான் நடந்தது. அப்பா படுத்த படுக்கையானபோது நான் கல்லூரியில் இருந்தேன், தம்பி பள்ளியில் இருந்தான். இருவரில் ஒருவர் வயலுக்கு இறங்கியாக வேண்டும். அவன் இறங்கினான். யாரும் அவனை இறங்கச் சொல்லவில்லை. நானும் வேண்டாமென்று சொல்லவில்லை. சின்னத் தாத்தாவுக்கு ஒரு கையெழுத்து வழிவிட்டது. எனக்கு வழிவிட்டது தம்பியின் படிப்பு.

சென்ற ஆண்டு அவன் நிலத்தில் ஒரு பகுதியை விற்கப்போவதாகச் சொன்னான். மகளின் மேற்படிப்புக்குப் பணம் வேண்டும். நடவுக்கு ஆளும் கிடைப்பதில்லை. சுற்றிலும் மனைக்கற்கள் முளைத்தாகிவிட்டது. நான் பதறிப்போனேன். தாத்தா உழுத மண் என்றேன். ஏரிப் பாசனம் என்றேன். நாளை வருந்துவாய் என்றேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மழையில அறுப்பு சாஞ்சு கெடக்கறப்ப நீ ஒருவாட்டி வந்து பாருண்ணே" என்றான்.

விளைநிலம் மனையாவது எனக்கு இன்றும் உவப்பில்லை. நெற்களஞ்சியம் என்று பெயரெடுத்த பாகூருக்கு அது நல்லதும் அன்று. ஆனால் அதைத் தடுக்கும் பொறுப்பை, அந்த வயலில் முதுகு வளைந்த ஒருவன் தலையில் மட்டும் கட்டிவிட்டு, அயல்நாட்டிலிருந்து ஏக்கப்படுவது எந்த நியாயத்தில் சேரும்? அந்த நிலத்தை வயலாகவே வைத்திருக்க வேண்டுமென்றால் நான் அதன் நட்டத்தில் பங்கு கொண்டிருக்க வேண்டும். இத்தனை ஆண்டுகளாக என் பங்கு நினைவில் மட்டுமே இருந்தது. என் குழந்தைப்பருவம் அவனுக்குப் பராமரிப்புச் செலவாகியிருக்கிறது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது என் பாகத்தையும் அவன் பெயருக்கே எழுதிக் கொடுத்தேன். விற்பதும் வைத்திருப்பதும் அவன் விருப்பம். பத்திரத்தில் கையெழுத்திட்டு வெளியே வந்ததும் அவன் ஒன்றும் பேசவில்லை. தேநீர் வாங்கித் தந்தான். பிறகு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை வழியாகவே போனான். கலங்கலில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்க்கவேண்டும் என்று அவன் நினைத்திருக்கிறான்.

இந்தமுறை ஏரியைப் பற்றி எழுதப்போவதில்லை. தாத்தா எந்த வயலில் நாற்று விட்டிருந்தார் என்பதைத் தம்பியிடம் கேட்டிருக்கிறேன். அது அவனுக்குத் தெரியும்.