அரசு உதவி பெறும் கல்லூரி தனியார் பல்கலைக்கழகமானால் என்ன ஆகும்? டெல்டா மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

திருக்காட்டுப்பள்ளியில் பிளஸ் டூ முடிக்கும் பலருக்கு, கல்லூரி என்றால் காலையில் பஸ் ஏறி தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ போவதுதான். விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளையும் அங்கே பி.ஏ., பி.எஸ்சி. படிக்க முடிகிறது என்றால், அதற்கு அரசு உதவி பெறும் கல்லூரிகளும் முக்கியக் காரணம். அந்தக் கல்லூரிகள் தனியார் பல்கலைக்கழகமாக மாற வழிவிடும் மசோதா, 2025 அக்டோபரில் சட்டமன்றத்தில் நிறைவேறியது.

மசோதாவில் என்ன இருந்தது?

தனியார் பல்கலைக்கழகம் தொடங்க முன்பு 100 ஏக்கர் நிலம் தேவை. அதை மாநகராட்சியில் 25, நகராட்சி, பேரூராட்சியில் 35, மற்ற இடங்களில் 50 ஏக்கராகக் குறைத்தது மசோதா. கூட்டணிக் கட்சிகளும் ஆசிரியர் சங்கங்களும் எதிர்த்ததால், அது திரும்பப் பெறப்பட்டு மறுஆய்வு செய்யப்படும் என உயர்கல்வித் துறை அமைச்சராக இருந்த கோவி. செழியன் அறிவித்தார்.

'எய்டட்' என்றால் என்ன?

நிலம், கட்டடம், நிர்வாகம் எல்லாம் அறக்கட்டளை அல்லது திருச்சபையுடையது. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் இருக்கும் ஆசிரியர்களின் சம்பளம் அரசுடையது. சம்பளச் சுமை இல்லாததால்தான் கட்டணம் குறைவு. அதே வளாகத்தில் சுயநிதிப் பிரிவில் சேர்ந்தால் கட்டணம் பல மடங்கு ஏறுவதும் இதனால்தான்.

யார் தொடங்கிய கல்லூரிகள் இவை?

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியை இயேசு சபையினர் 1844ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883ல் திருச்சிக்குக் கொண்டுவந்தார்கள். ஜமால் முகமது கல்லூரி 1951ல் வந்தது. தஞ்சாவூருக்குக் கிழக்கே உள்ள பூண்டியில் (மாதா கோயில் இருக்கும் பூண்டி இல்லை, இது வேற) 1956ல் வாண்டையார் குடும்பத்தினர் புஷ்பம் கல்லூரியைத் தொடங்கினர். சுற்றுவட்டாரக் கிராமங்களில் முதல் பட்டதாரிகள் பலரை உருவாக்கியவை இவை.

அரசுச் சம்பளம் இல்லாவிட்டால்?

அமெரிக்காவைப் பாருங்கள். குவேக்கர் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவினர் அங்கே பல சின்ன கலைக் கல்லூரிகளைத் தொடங்கினார்கள். அதில் ஒன்று வட கரோலினாவில் உள்ள கில்ஃபோர்ட். 1837ல் பள்ளியாகத் தொடங்கியது. மாணவர் கட்டணத்தையும் நன்கொடையையும் பெரிதும் நம்பியிருந்த அந்தக் கல்லூரி, சேர்க்கை குறைந்ததும் நிதி நெருக்கடியில் சிக்கியது. சமீப ஆண்டுகளில் அதன் அங்கீகாரமே கேள்விக்குள்ளானது. தொடங்கியவர்களின் நல்ல நோக்கம் மட்டும் ஒரு கல்லூரியைக் காப்பாற்றாது.

நம்ம ஊரில் நிலைமை வேறு மாதிரி போகலாம். நகரத்துக் கல்லூரிகள் பல்கலைக்கழகமாகிக் கட்டணத்தை உயர்த்திச் சமாளிக்கும். ஆனால் திருக்காட்டுப்பள்ளியில் இருந்து பஸ்ஸில் போகிற பிள்ளைக்கு அங்கே இடம் இருக்காது.

மாணவர்கள் என்ன செய்யலாம்?

சேரும் முன்பே, அந்தப் பாடப்பிரிவு எய்டடா, சுயநிதியா என்று கேளுங்கள். ஒரே கல்லூரியில் இரண்டும் இருக்கும். மசோதா மீண்டும் வந்தால், கவனிக்க வேண்டியது மூன்று: இப்போதுள்ள எய்டட் இடங்கள் தொடருமா, கட்டணத்தை யார் நிர்ணயிப்பார்கள், இடஒதுக்கீடு நீடிக்குமா. இந்த மூன்றுக்கும் பதில் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். வாய் வார்த்தை போதாது.