கூட்டம் வேறு, நம்பிக்கை வேறு!



புரட்டாசி சனிக்கிழமை நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் திருவண்ணாமலை பெருமாள் கோயில்ல எவ்வளவு கூட்டம்! ஆனா கைப்பையை யாருகிட்ட கொடுத்துட்டு மலையேறுவோம்? தெரிஞ்சவங்ககிட்ட மட்டும்தான்.

1991-ல் பில் சிம்மர்மேன் உருவாக்கிய 'பிஜிபி' என்ற ரகசிய மின்னஞ்சல் முறையும் இப்படித்தான் வளர்ந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு டிஜிட்டல் சாவி. "இது இவருடைய சாவிதான்" என்று தெரிந்தவர்கள் நேரில் பார்த்து, அடையாள அட்டையைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவார்கள். அரசும் இல்லை, கம்பெனியும் இல்லை. மனிதர்தான் மனிதருக்குச் சாட்சி.

2019-ல் விஷமிகள் இருவரின் சாவிகளில் பல்லாயிரக்கணக்கான போலிக் கையெழுத்துகளைக் குவித்தார்கள். மென்பொருளே திணறியது. அதன்பிறகு, சர்வரில் யார் யாரோ போட்டு வைத்த கையெழுத்துகளை அந்த மென்பொருள் ஏற்பதில்லை. பரந்து கிடந்த வலை சுருங்கி, நேரடி அறிமுகமே மிஞ்சியது.

நமக்கும் இதுதான் பாடம். தலைமை பெயரில் ஒரு போலி அறிவிப்பு நூறு குரூப்பில் வந்தாலும் அது பொய்தான். நேற்று நம்பிய எண் இன்று வேறொருவர் கையில் இருக்கலாம். வாட்ஸ்அப்பில் "பாதுகாப்புக் குறியீடு மாறியது" என்று வந்தால் தாண்டிப் போகாதீங்க. அவருக்கே போன் போட்டு, குரலைக் கேட்டு உறுதி பண்ணுங்க.

ஃபார்வர்டு பண்ண ஒரு நொடி போதும். போன நம்பிக்கையை மீட்க ஒரு தேர்தல் போதாது!